பன்னிரண்டு நாற்பது, லேபர் வார்டு

அந்த அறையில் இருந்த இருபத்திரண்டு பேருக்கும் அவள் அக்கா. அவளைவிட நாலு வயது பெரியவரான வாசல் காவலாளிக்கும் அக்கா, ஏசியைப் பழுது பார்க்கிறேன் என்று வந்து மேலும் கெடுத்துவிட்டுப் போகிறவனுக்கும் அக்கா. சொந்தத்தில் அப்படிக் கூப்பிட வேண்டியவள் ஒரே ஒருத்திதான். அவள் கூப்பிட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே ஒன்பது மாடியிலும் பிறப்பது, பிழைப்பது, போய்ச் சேர்வது எல்லாம் நடந்து முடிந்த பிறகு, அது காகிதமாகி, ஸ்கேன் ஆகி, இவர்களுடைய கணினிக்கு வந்து சேரும். டாக்டர் எழுதியதைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுவது இவர்கள் வேலை. கோடிங் என்று பெயர். “எண் போடறதுக்கு ஒரு வேலையா?” என்று கேட்கிறவர்களைக் கண்டால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: “தப்பா எண் போட்டா யாரும் சாகமாட்டாங்க. ஆனா அவங்களுக்கு நடந்தது நடக்கவே இல்லைன்னு ஆயிடும். அது பரவாயில்லைன்னு தோணுச்சுன்னா இப்பவே வேற வேலை பாத்துக்கோ.”

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. டாக்டர் எழுதினால்தான் அது நோய். ரத்தப் பரிசோதனை முடிவு தலைகீழாக நின்றாலும், நர்ஸ் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தாலும், டாக்டர் ஒரு வரி எழுதவில்லை என்றால் எண் போடக்கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டருக்கு எழுதிக் கேட்கலாம். அதிலும் பதிலை நாம் எடுத்துக் கொடுக்கக்கூடாது. இன்னின்ன அடையாளங்கள் தெரிகின்றன, இதற்கு என்ன பெயர் என்று மட்டும் கேட்க வேண்டும். நர்ஸ் குறிப்புகளால் எண்ணுக்குப் பயனில்லை என்பதால் மற்றவர்கள் அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். அக்கா மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பாள். “அக்கா தொடர்கதை படிக்கிறாங்க, யாரும் தொந்தரவு பண்ணாதீங்க” என்று அடுத்த இருக்கைக்காரி கேலி செய்வாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. யாரோ ஒருத்தர் இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டார், மூன்று மணிக்குத் தூங்கினார் என்று படிப்பதில் அவளுக்கு ஒரு துணை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பிரசவக் கோப்பு வந்தது. திரையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும்போலக் கறுப்புப் பட்டை. எண், வயது முப்பத்திமூன்று, இரண்டாவது பிரசவம், முப்பத்திநான்காம் வாரம். முன்பு ஒருமுறை சிசேரியன் ஆனவள். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆம்புலன்ஸில் அனுப்பப்பட்டிருக்கிறாள்.

அக்கா அறுவைக் குறிப்பைப் படித்தாள். குழந்தையை எடுத்தாயிற்று, நஞ்சுக்கொடி பிரியவில்லை, ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. பதினான்கு பை ரத்தம், எட்டுப் பை பிளாஸ்மா, நான்கு நாள் ஐசியூ. இவ்வளவும் நடந்த பிறகு, வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய சுருக்கத்தில் இளம் டாக்டர் ஒருவர் இரண்டே வரியில் முடித்திருந்தார்: “பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு. கர்ப்பப்பை அகற்றப்பட்டது. நலமுடன் வீடு திரும்பினார்.”

“நலமுடனாம்!” என்றாள் அக்கா, சத்தமாகவே.

அடுத்த இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள். “யாரைச் சொல்றீங்கக்கா?”

“எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான். ரத்தப்போக்குன்னு மட்டும் போட்டா, கொஞ்சம் ரத்தம் போயி ஒரு ஊசியோட வீட்டுக்குப் போனவளும் இவளும் ஒண்ணாயிடுவாங்க. இவ சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்திருக்கா.”

பழைய சிசேரியன் தழும்பில் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு, தசைக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருந்தது. ஆய்வகத்துக்குப் போன கர்ப்பப்பையின் அறிக்கை அதைத் தெளிவாகச் சொன்னது. ஆனால் ஆய்வகம் சொன்னால் போதாது. பிரசவம் பார்த்த டாக்டர் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். ரத்தம் உறையும் தன்மையையே இழந்துவிட்டது என்பதும் பரிசோதனை முடிவுகளில் தெரிந்தது. அதற்கும் டாக்டர் பெயர் வைக்கவில்லை. அக்கா கேள்விப் படிவத்தைத் திறந்து எழுத உட்கார்ந்தாள். எத்தனை மணிக்கு எவ்வளவு ரத்தம் போனது, எப்போது பிளாஸ்மா ஏறியது என்று நேரத்தோடு கேட்டால்தான் டாக்டர்கள் மறுக்க முடியாது. நேரம் நர்ஸ் குறிப்பில்தான் இருக்கும்.

பன்னிரண்டு பதினெட்டு, பெண் குழந்தை, உயிருடன், பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. பன்னிரண்டு இருபத்தைந்து, ரத்தப்போக்கு தொடர்கிறது, அவசரக் குழு அழைக்கப்பட்டது. அடுத்த வரி பன்னிரண்டு நாற்பது.

“நோயாளி விழிப்புடன் இருக்கிறார், குழப்பம் காணப்படுகிறது. அக்கா, அக்கா என்று அழைக்கிறார். வெளியே கணவரிடம் விசாரிக்கப்பட்டது. சகோதரி வரவில்லை என்றார். ஆறுதல் கூறப்பட்டது.” கீழே இரண்டெழுத்துக் கையொப்பம். அதற்கடுத்த வரியில், பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, முழு மயக்கம் கொடுக்கப்பட்டது.

அக்கா நிறுத்தினாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் படித்த பிரசவக் குறிப்புகளுக்குக் கணக்கில்லை. அம்மாவைக் கூப்பிட்டவர்கள் உண்டு, கடவுளைக் கூப்பிட்டவர்கள் உண்டு, புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் நிறைய உண்டு. அக்காவைக் கூப்பிட்ட ஒருத்தியை அவள் பார்த்ததில்லை. சும்மா இரு, உலகத்தில் எத்தனையோ அக்காக்கள் என்று சொல்லிக்கொண்டு மயக்க மருந்து டாக்டரின் தாளுக்குப் போனாள். அங்கே எழுதியிருந்தது: “வலது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு, முக்கோண வடிவம். இடது கையில் ஊசி போடப்பட்டது.”

அந்தத் தழும்பைப் போட்டவளே அவள்தான். தங்கைக்கு அப்போது ஆறு வயது, இவளுக்குப் பதினெட்டு. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். சமையல், துணி, தலைவாரல் எல்லாம் இவள் பொறுப்பு. பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சின்னது குறுக்கே கையை நீட்டிவிட்டது. கையில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுததில், யாருக்குக் காயம் என்று வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

விரல் தானாகவே முதல் பக்கத்துக்குப் போனது. தந்தை, நோயாளியின் சிறுவயதிலேயே மரணம். தாய், மூளையில் ரத்தக்கசிவு, நான்கு ஆண்டுகளுக்கு முன் மரணம். உடன்பிறந்தோர், மூத்த சகோதரி ஒருவர். தொடர்பில் இல்லை.

தொடர்பில் இல்லை. யாரோ ஒரு பயிற்சி டாக்டர் கேட்க, தங்கை வாயால் சொல்லி, அவன் எழுதியிருக்கிறான்.

அம்மா செயற்கை மூச்சில் கிடந்தபோது தங்கை வந்துகொண்டிருந்தாள். இன்னும் ஆறு மணி நேரப் பயணம் இருந்தது. இனி ஒன்றும் இல்லை, கருவியை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா எத்தனையோ கோப்புகளைப் படித்தவள். அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டாள். தங்கை வந்தபோது அம்மா போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. “ஆறு மணி நேரம் உன்னால காத்திருக்க முடியலையா?” என்று கேட்டாள். அக்கா வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டாள். அதன்பிறகு தங்கைக்கு முதல் குழந்தை பிறந்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

பதினாறு நாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு நாற்பது. அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று அக்காவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இதே நாற்காலியில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு. அதற்குக் கால் மணி முன்புதான் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கி “அவசரக் குழு, லேபர் வார்டு, மூன்றாம் மாடி” என்று இரண்டு தடவை சொன்னது. அடுத்த இருக்கைக்காரி, பாவம் யாரோ, என்றாள். அக்கா வாயில் சோற்றோடு சொன்னாள்: “ரெண்டு வாரத்துல நம்மகிட்ட வரும் பாரு.” இருவரும் சிரித்தார்கள்.

வந்துவிட்டது.

சொந்தக்காரர் கோப்பு என்று தெரிந்த நொடியில் மூடிவிட வேண்டும் என்பது விதி. அக்கா மூடினாள். அந்தக் குழந்தை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே மூடினாள். குழந்தைக்குத் தனி எண், தனிக் கோப்பு. திறந்தால் வேலை போய்விடும். குறை மாசத்தில் பிறந்தது, பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போனது. அவ்வளவுதான் தெரியும்.

மேலதிகாரிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு புள்ளி தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள், கெட்டவள் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினாள்.

“நீங்க வேலைக்காகத் திறந்தீங்க, தெரிஞ்சதும் நிறுத்திட்டீங்க. இதுவரைக்கும் உங்க மேல தப்பே இல்லக்கா. ஆனா இதுல இருந்து ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. தங்கச்சிகிட்டயும்தான்.”

“அவ ஃபைலு. அவகிட்டயே சொல்லக்கூடாதா?”

“அவங்க எழுதிக் கொடுத்து வாங்கிக்கலாம். நீங்க சொல்லக்கூடாது.”

“கேள்வி பாதி எழுதி வெச்சிருக்கேன். அதையாவது அனுப்பிடுங்க. அந்தாளு ரெண்டே வரியில முடிச்சிருக்கான்.”

“நீங்க எழுதினதை நான் அனுப்ப முடியாது. நான் முதல்ல இருந்து படிச்சு நானே எழுதறேன். கண்டிப்பா எழுதறேன்க்கா.”

“நர்ஸ் குறிப்பையும் படிப்பீங்களா?”

பூதக்கண்ணாடிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. “தேவைப்பட்டா படிக்கிறேன்” என்றாள். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளி, வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. நாற்காலி இரண்டு, ஒன்றில் மடிக்காத துணி எப்போதும் உட்கார்ந்திருக்கும். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கையின் எண் ஃபோனில் இருந்தது. கூப்பிடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பேச வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்யத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை. எடுக்காமல் போனால்? எடுத்து, குழந்தை இல்லை என்று சொன்னால், அதை முதன்முதலாகக் கேட்பவள் மாதிரி எப்படிக் கேட்பது? துணியை எடுத்து மடித்தாள். எல்லாத் துணியையும் மடித்து முடித்த பிறகு, செய்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் போனதால் கூப்பிட்டாள். மணி ஆறு.

ஐந்தாவது மணியில் தங்கை எடுத்தாள்.

“நான்தான்” என்றாள் அக்கா.

“தெரியுது. பேரு வருதுல்ல.” குரல் நூலாக இளைத்திருந்தது.

“சும்மாதான் கூப்பிட்டேன்.”

“நாலு வருஷம் கழிச்சு, சும்மா.”

அப்போது பின்னால் ஒரு அழுகை கேட்டது. மெல்லிய, கோபமான, பச்சைக் குழந்தையின் அழுகை. அக்கா எழுந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிறது, இருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

“குழந்தையா?” என்று கேட்டாள், முடிந்தவரை சாதாரணமாக.

“பொண்ணு. மூணு நாள் முன்னாடிதான் கைக்குக் கொடுத்தாங்க.” பக்கத்தில் யாரையோ குழந்தையைத் தூக்கச் சொன்னாள். “ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத.”

பூதக்கண்ணாடி சொல்லியிருப்பாளோ? “எனக்கு என்ன தெரியும்?”

“நீதான் வந்தியே அன்னிக்கு.”

“எங்க?”

“உள்ள. ஆபரேஷன் நடக்கும்போது. தலைமாட்டுல நின்ன. மாஸ்க் போட்டுக்கிட்டா எனக்கு அடையாளம் தெரியாதா? நான் கூப்பிட்டேன், வந்துட்ட. கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘அக்கா இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்’னு சொல்லிட்டே இருந்த. இவரு என்னடான்னா, யாரையும் உள்ள விடல, எல்லாம் உன் மயக்கம்ங்கறாரு. நான் சொன்னேன், அவ அங்கதான வேலை பாக்கறா, அவளுக்கு எல்லாக் கதவும் திறக்கும்னு.”

அக்காவின் அடையாள அட்டைக்குத் திறப்பது இரண்டே கதவு: அடித்தளம், கேன்டீன்.

“கண்ணு முழிச்சா ஐசியூ” என்று தங்கை தொடர்ந்தாள். இப்போது அழுதுகொண்டிருந்தாள். “கதவு திறக்கறப்பல்லாம் நீதான்னு பாத்தேன். நாலு நாள். அப்புறம் வார்டுல ஆறு நாள். எட்டிக்கூடப் பாக்கல நீ. வந்தவ ஏன் போன? சொல்லு. வந்துட்டு ஏன்டி விட்டுட்டுப் போன?”

நான் வரவில்லை என்று சொன்னால் போதும். உண்மை அதுதான். விட்டுவிட்டுப் போன பழி அந்த நொடியே நீங்கிவிடும். வராதவள் எப்படி விட்டுவிட்டுப் போக முடியும்? பத்தொன்பது வருஷமாக எழுதாததை எழுதினதாகச் சொல்லாதவள் அவள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால் அதைச் சொன்னால், அந்தக் கை இல்லாமல் போய்விடும். ரத்தம் போய்க்கொண்டே இருக்க, அக்கா அக்கா என்று கூப்பிட்ட ஒருத்திக்கு யாரும் வரவில்லை என்று ஆகிவிடும். ஆறுதல் கூறப்பட்டது என்று எழுதிய அந்த நர்ஸ், தான் என்ன சொன்னாள், யாராக நின்று சொன்னாள் என்று எழுதவில்லை. எங்குமே எழுதப்படாத அதை நினைவில் வைத்திருப்பவள் தங்கை ஒருத்திதான். அதை அவளிடமிருந்து பிடுங்கித்தான் தன்னை நல்லவளாக்கிக்கொள்ள வேண்டுமா?

“பயந்துட்டேன்டி” என்றாள் அக்கா. “அவ்வளவு ரத்தம். என்னால பாக்க முடியல. ஓடிட்டேன்.”

“ஓடிட்டியா.”

“ஆமா.”

“அப்புறமும் வரலையே.”

“எந்த முகத்த வெச்சுக்கிட்டு வர்றது?”

தங்கை பிடித்துக்கொண்டாள். திட்டினாள். நீ எப்பவும் இப்படித்தான், அம்மாவுக்கும் இப்படித்தான், கையெழுத்தைப் போட்டுட்டு வராந்தாவுல போய் நின்னுட்ட, நான் அழுதப்போ பக்கத்துல வரல, பெரியவளைப் பாக்க வரல, கல்லு நீ, என்றாள். மூச்சு வாங்கியது, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். நான்கு வருஷத்துத் திட்டு மொத்தமும் வந்தது. அக்கா ஊம், ஊம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் நியாயம்தான். ஒரு திட்டுகூட வீணாகக் கூடாது என்பதுபோல ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கடைசியில் தங்கை ஓய்ந்தாள். “ஞாயித்துக்கிழமை வா” என்றாள். “என்னால தூக்க முடியல, கை நடுங்குது. நீ வந்து தூக்கிக்கோ.”

“வரேன்.”

“வந்துட்டு சொல்லாம போயிடாதக்கா.”

“போகமாட்டேன்” என்றாள் அக்கா.

ஃபோன் அணைந்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். மூன்றாம் மாடியில் அந்த இரண்டெழுத்துக் கையொப்பக்காரி இருக்கிறாள். தினமும் லிஃப்டில் தோளோடு தோள் நின்றிருக்கக்கூடும். அவள் காலில் விழுந்தாலும் தகும். ஆனால் எதற்கு என்று கேட்பாளே, என்ன சொல்வது? சொந்த அக்கா அடித்தளத்தில் சோறு தின்றுகொண்டிருந்தபோது நீ அக்காவாக நின்றாய் என்றா? ஞாயிற்றுக்கிழமை வர நடுவே இரண்டு நாள் இருந்தது. அதுவரை இதைச் சொல்ல அவளுக்கு ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகும் இருக்கப்போவதில்லை.